கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி

அருளு கண்ணு, மாதா எப்பவும் உன் பக்கத்துலயே நிக்கட்டும். கடுதாசியப் பாத்ததும் பயந்துக்காத. உங்கப்பா நல்லாருக்காரு. எனக்கும் முட்டி வலியத் தவிர ஒண்ணுமில்ல. தெனமும் போன்ல மூஞ்சி பாத்துப் பேசறவ எதுக்கு இப்பக் காயிதத்துல எழுதறான்னு நெனப்ப. நம்மூட்டுல முன்னறை ஜன்னல்கிட்ட மட்டுந்தான் டவர் எடுக்கும்னு உனக்குத் தெரியும். அந்த ஜன்னலுக்குக் கீழதான் உங்கப்பாவோட சேர். நான் சொல்ல வேண்டியத அங்க நின்னு சொல்ல முடியாது சாமி. கத்தார்ல உன் ரூம்ல இருக்கற கோத்தகிரிப் பையன் லீவு முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம கெளம்பறானாம். பூசை முடிஞ்சு வெளிய வர்றப்ப அவங்கம்மா சொன்னாங்க. அவன் கையிலதான் குடுத்து விடறேன். எட்டாவதோட நின்னவ எழுதறது, எழுத்து முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்க. படிச்சுட்டுக் கிழிச்சுப் போட வேண்டாம். அங்க உன் கூட இருக்கற கல்யாணமான பசங்களுக்கு வேணும்னா காட்டு. அவிய ஊட்டுலயும் ஒரு சின்னம்மாவோ அம்மாவோ இருப்பாங்க, ஒரு ரெஜினாவும் இருப்பா.

போன வாரம் நீ போன்ல என்ன சொன்ன? "சின்னம்மா, நீங்களும் அப்பாவும் திண்டுக்கல் போயி ரெஜினாவக் கையோட கூட்டிட்டு வாங்க. வரலைன்னா அங்கயே இருந்துக்கச் சொல்லிடுங்க, நான் அடுத்த லீவுக்கு வந்து பேசிக்கறேன்"ன. உங்கப்பா சேர்ல உக்காந்தபடியே "அதான் சரி"ன்னாரு. நானும் தலையாட்டுனேன். கல்யாணம் முடிஞ்சு இன்னும் ஒரு வருசம் திரும்பல. ஒரு புள்ள அண்ணன் கொழந்தை ஞானஸ்நானத்துக்குன்னு அம்மா ஊட்டுக்குப் போயி, ரெண்டு மாசமா உடம்பு சரியில்ல உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு அங்கயே இருக்கறா. அது என்ன உடம்புன்னு நீயும் கேக்கல, நானும் கேக்கல. அன்னைக்குத் தலையாட்டுனேனே, அது பொய் கண்ணு. நான் கூட்டிட்டு வரப் போறதில்ல. ஏன்னு சொல்லத்தான் இவ்வளவு பெரிய காயிதம். அதைச் சொல்லணும்னா உன் மீன் தொட்டியில இருந்துதான் தொடங்கணும், சிரிக்காத. எனக்குப் புத்தி வந்தது அதுலதான்.

நீ மொத மொத கத்தார் போறப்ப, பெட்டியெல்லாம் ஜீப்ல ஏத்துனதுக்கப்பறம், செருப்ப மாட்டிட்டு நின்னவன் திரும்ப உள்ள வந்து, "சின்னம்மா, தண்ணிய மட்டும் மொத்தமா மாத்திடாதீங்க, மீனு செத்துரும்"ன்னு சொல்லிட்டுப் போன. புள்ள கடைசியாச் சொன்ன வார்த்தையில்ல. நான் அத வேத வாக்காப் புடிச்சுக்கிட்டேன். மொத்தமா மாத்தாதீங்கன்னா நான் என்ன பண்ணுவேன், ஒரு சொம்பு கூட வெளிய எடுக்கல. தண்ணி வத்துனா மேல ஊத்துவேன், அவ்வளவுதான். கண்ணாடியத் தொடைப்பேன், பாசிய வழிச்சு விடுவேன், ஒரு சிட்டிக்கை தீனி போடுவேன். மழைக்காலத்துல கரண்ட் போயி ஹீட்டர் நின்னுச்சுன்னா தொட்டியச் சுத்திக் கம்பளி போத்தி விடுவேன். உங்கப்பா, "மீனுக்குக் கம்பளி, எனக்குக் காத்து வர்ற ஜன்னலு, நல்லா இருக்குதுடி உன் நாயம்"பாரு. தண்ணி அப்புடியே கண்ணாடி மாதிரி நிக்கும். ஈஸ்டருக்கு ஊடு மந்திரிக்க வந்த ஃபாதர் கூட எட்டிப் பாத்து, "ஏம்மா, இதுல கொண்டாந்து ஞானஸ்நானமே குடுக்கலாம் போலிருக்கே"ன்னு சிரிச்சாரு. எனக்கு அன்னைக்குப் பூரா கால் தரையில பாவல. அவரு தெளிச்ச தீர்த்தத்துல மிச்சம் ரெண்டு சொட்டு தொட்டிக்குள்ளயும் விட்டேன். உன் ஏஞ்சல் மீனு மூணும், கண்ணாடியில ஒட்டிட்டுப் பாசி திங்கற அந்தக் கருப்பு சக்கர் மீனும், நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருந்துச்சுங்க. புள்ள இல்லாத ஊட்டுல புள்ளையோட மீன நான் காப்பாத்தறேன்னு ஒரு பெரும எனக்கு. அந்தப் பெருமதான் கண்ணு என் கண்ண மறைச்சுச்சு.

ரெஜினா வந்த புதுசுல அவளுக்கு எல்லாமே அதிசயம். குளிச்சிட்டு வந்து, "அத்தை, உங்க ஊர்ல சோப்பு ஒடம்ப விட்டுப் போகவே மாட்டேங்குது, எத்தன சொம்பு ஊத்துனாலும் வழுவழுங்குது"ன்னா. "மலைத்தண்ணி அப்புடித்தான், மெதுவான தண்ணி"ன்னேன். "எங்கூர்ல கொடத்துக்குள்ள வெள்ளையாச் சுண்ணாம்பு படியும், சோப்பு நுரையே வராது"ன்னு சொல்லிச் சிரிச்சா. நீ லீவு முடிஞ்சு கெளம்புன அடுத்த வாரம், குன்னூருக்குப் போனவ ஒரு கவர் நெறையா கப்பி மீனு வாங்கிட்டு வந்தா. வாலெல்லாம் செவப்பும் மஞ்சளுமா, சேலை முந்தானை மாதிரி விரியும். "அவங்க தொட்டி ரொம்ப அமைதியா இருக்கு அத்தை, கொஞ்சம் கலரா இருக்கட்டும்"ன்னு, கவரத் தண்ணில மெதக்க விட்டு, கொஞ்ச நேரங் கழிச்சு தொறந்து விட்டா. காத்தால எந்திரிச்சுப் பாத்தா ஒண்ணு விடாமச் செத்து மெதக்குது. அந்தப் புள்ள ஒவ்வொண்ணா வலையில எடுத்துக் கையில வெச்சுட்டு நின்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைக்காரன் ஏமாத்திட்டான் போ. நம்ம மீனெல்லாம் நல்லாத்தான இருக்குது. இதுகளுக்குத் தெம்பில்ல." உங்கப்பா சேர்ல இருந்து, "கீழ்நாட்டு மீனு, குளிரு தாங்கல"ன்னாரு. சிரிச்சோம். அவ சிரிக்கல.

மறுபடி வாங்கிட்டு வந்தா. மறுபடி செத்துச்சு. அப்பறந்தான் அவ எங்கயோ போன்ல சொல்லி ஒரு சின்னப் பொட்டியில சொட்டு மருந்து மாதிரி ஒண்ணு வரவழைச்சா. தொட்டித் தண்ணியக் கொஞ்சம் குப்பியில எடுத்து அதுல ரெண்டு சொட்டு விட்டா, மூத்தரங் கணக்கா மஞ்சளா மாறுச்சு. குழாய்த் தண்ணில விட்டா பச்சையாச்சு. "பச்சையா இருக்கணும் அத்தை. இது புளிச்சுப் போன தண்ணி"ன்னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "கண்ணாடி மாதிரி இருக்கற தண்ணியப் புளிச்சுப் போச்சுங்கறியே"ன்னேன். அவ லேப்புல வேலைக்குப் படிச்ச புள்ள, பொறுமையாச் சொன்னா. "தண்ணி வத்தறப்ப வெறும் தண்ணி மட்டுந்தான் ஆவியாப் போகும் அத்தை. மீன் கழிச்சது, தின்னாம விட்டது எல்லாம் கரைஞ்சு உள்ளயே நிக்குது. கண்ணுக்குத் தெரியாது. நீங்க மேல மேல ஊத்துறீங்களே தவிர, எதையும் வெளிய எடுக்கல. அதெல்லாம் சேரச் சேரப் புளிப்பு ஏறும். எங்கூர்த் தண்ணியா இருந்தா அதுல இருக்கற சுண்ணாம்பு கொஞ்சம் தாங்கிப் புடிக்கும். இந்தத் தண்ணில தாங்கிப் புடிக்க ஒண்ணுமே இல்ல." நான் விடுவேனா? "அப்ப ஏஞ்சல் மீனு எப்புடி இருக்குது? சக்கர் எப்புடி இருக்குது?"ன்னேன். அதுக்கு அவ சொன்ன பதில இன்னிக்கு வரைக்கும் என்னால முழுங்க முடியல. "அதுங்க இருக்கறப்பவே மெல்ல மெல்லப் புளிச்சுது, அதனால பழகிருச்சுங்க. பழகிருச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல அத்தை. தாங்கிட்டு இருக்குதுங்க. புதுசா வர்ற மீனுக்கு ஒரே நாள்ல தாங்க முடியாது." தெனம் ஒரு வாளி எடுத்துட்டு, ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்துனா மெல்லச் சரியாகும்னா. நான், "என் புள்ள மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான், நான் மாத்த மாட்டேன்"ன்னு சொல்லிட்டு அந்தக் குப்பிய எடுத்து அலமாரி மேல வெச்சுட்டேன். அன்னைக்குச் சாயந்தரம் உன் கிட்டயும் சொன்னேன், நெனப்பிருக்கா? "உன் பொண்டாட்டி வந்து உன் தொட்டியில கொறை கண்டுபுடிச்சிருக்கறா"ன்னு. நீ சிரிச்சுட்டு, "சின்னம்மா சொல்றபடி கேளு ரெஜி"ன்ன. அவ அங்கதான் நின்னுட்டிருந்தா.

இதுதான் கண்ணு நான் சொல்ல வந்தது. அவ அங்கதான் நின்னுட்டிருந்தா. நீ பேசறப்ப எல்லாம் அவ எங்க நின்னான்னு யோசிச்சுப் பாரு. நம்மூட்டு வழக்கம் என்ன? சாயந்தரம் ஜெபமாலை முடிஞ்சதும் நீ கூப்புடுவ. உங்கப்பா முன்னால, நான் பக்கத்துல, போன ஜன்னல் கட்டையில நிக்க வெச்சுருப்போம். மொதல்ல உங்கப்பா மழை பெஞ்சுச்சா, தேயிலைப் பச்சைத்தழை கிலோ என்ன வெலைக்குப் போச்சுன்னு சொல்லுவாரு. அப்பறம் நான். நான் பேச ஆரம்பிச்சா எப்ப முடிப்பேன்னு உனக்கே தெரியும். எல்லாம் முடிஞ்சு, "இந்தாம்மா நீ பேசு"ன்னு அவ கையில குடுப்போம். குடுத்துட்டு நாங்க எந்திரிச்சா போவோம்? அங்கயேதான் உக்காந்திருப்போம். அவ "சாப்ட்டீங்களா"ன்னு கேப்பா, நீ "சாப்ட்டேன்"ம்ப. அவ போன எடுத்துட்டு அடுப்படிக்குப் போனா டவரு போயிரும். வெளிய போயி ரோட்டுல நின்னு பேசுனா, "என்ன ரகசியம் பேசறா"ன்னு உங்கப்பா கேப்பாரு. அவரு கேக்கறதுக்கு முன்னால நான் கேப்பேன், அதான் நெசம். கல்யாணத்துக்கப்பறம் உன் பொண்டாட்டி உன் கூடத் தனியா ஒரு வார்த்த பேசுனது நீ லீவுல இருந்த அந்த ஒரு மாசந்தான். இதுல ஒரு தப்பும் இருக்கறதா நமக்குத் தோணல. உனக்கும் தோணல. ஏன்னா நீயும் இந்தத் தண்ணியில வளந்தவந்தான்.

கோத்தகிரி ஆஸ்பத்திரி லேப்புல வேலை காலியா இருக்குன்னு அவ சொன்னது அந்த ஜன்னல்ல நின்னுதான். "போட்டுப் பாக்கட்டுமா"ன்னு உன்னையக் கேட்டா. நீ "சின்னம்மாகிட்டக் கேட்டுக்கோ"ன்ன. நான், "வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள என்ன அவசரம்? நம்மூரு அரவேணுல இருந்து பஸ்சுல தொங்கிட்டுப் போகணும், மழைன்னா பஸ்சும் வராது"ன்னேன். உங்கப்பா தொண்டையக் கனைச்சாரு. அது முடிஞ்சு போச்சு. ஒருத்தரும் சத்தம் போடல, ஒருத்தரும் அடிக்கல, ஒருத்தரும் வையல. நம்மூட்டப் பாத்தா யாரும் கொறை சொல்ல முடியாது, ஜெபம் தவறாத ஊடு, குடி கெடையாது, சண்டை கெடையாது. ஆனா காத்தால ஆறு மணிக்கு ஐஸ் மாதிரி தரையில முட்டி போட்டு நான் ஜெபம் சொல்றப்ப அவ தலைவலின்னு ஒருநா படுத்திருந்தா, "எங்க காலத்துல"ன்னு ஆரம்பிச்சுருவேன். அவ கொழம்புக்குப் பூண்டு தட்டிப் போட்டா, "இந்த ஊட்டுல உரிச்சுதான் போடறது"ம்பேன். அவ துணி காயப் போட்டா நான் போயி அதையே திருப்பி எடுத்துப் போடுவேன். எதுவும் பெருசில்ல. ஒரு சொட்டு, ஒரு சொட்டு. எதையும் வெளிய எடுத்து ஊத்துறதுக்கு அவளுக்கு ஒரு எடமில்ல. உன் கிட்டச் சொல்லலாம்னா நீ இருக்கறது ஜன்னல்ல. அவ மெலிஞ்சா, பேச்சுக் கொறைஞ்சுச்சு. நாங்க என்ன சொன்னோம்? "திண்டுக்கல் புள்ள, குளிரு ஒத்துக்கல."

அவ ஊருக்குப் போனதுக்கப்பறம் எனக்கு ஒரே கோவம். நீயும் கோவப்பட்ட. ஒருநா சக்கருக்கு வெள்ளரிக்கா வில்லை போடறதுக்கு வந்தவ, அலமாரியத் தொடைக்கப் போயி அந்தக் குப்பியப் பாத்தேன். யாருமில்ல ஊட்டுல, உங்கப்பா கடைக்குப் போயிருந்தாரு. அவ பண்ணுன மாதிரியே எடுத்து ரெண்டு சொட்டு விட்டேன். மஞ்சளு. கொட்டிட்டு மறுபடி விட்டேன். மஞ்சளு. உக்காந்துட்டேன் கண்ணு. ஆண்டவரே, அந்தப் புள்ள பொய் சொல்லலைன்னு அப்பத்தான் ஒறைச்சுச்சு. ஒறைச்சதும் நான் சும்மா இருந்தனா? பாவ சங்கீர்த்தனம் பண்ணுன கையோட எல்லாத்தையும் கழுவிரணும்னு ஒரு வேகம் வந்துச்சு. ரப்பர் குழாயப் போட்டு முக்காவாசித் தண்ணிய எறக்குனேன். கல்லையெல்லாம் அலசுனேன். பில்டர்ல இருக்கற பஞ்ச குழாயடியில வெச்சுப் புழிஞ்சு புழிஞ்சு வெள்ளையாக்குனேன். குழாய்த் தண்ணிய அப்புடியே ஜில்லுன்னு புடிச்சு ரொப்பினேன். அழுதுட்டேதான் பண்ணுனேன். நல்லது பண்றதா நெனச்சு அழுதேன். மத்தியானத்துக்கு மேல ஏஞ்சல் மீனு மூணும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சுங்க. சாயந்தரத்துக்குள்ள மூணும் போச்சு. அதுதான் நீ போன வாரம், "ஏஞ்சலக் காட்டுங்க சின்னம்மா"ன்னப்ப லைட்டு எரியலைன்னு நான் சொன்னதுக்குக் காரணம். மன்னிச்சுக்க.

போன எடுத்துட்டு ரோட்டுக்கு ஓடுனேன். பஸ் ஸ்டாப்புல டவரு எடுக்கும். செருப்புக் கூடப் போடல. அந்தப் புள்ளைக்கு நானா போன் போட்டது அதான் மொத தடவ. "ரெஜினா, ஏஞ்சலெல்லாம் செத்துப் போச்சும்மா, நான்தான் கொன்னேன்"னேன். நான் அப்பவே சொன்னேனேன்னு ஒரு வார்த்த வரும்னு காத்துட்டிருந்தேன். வரல. "சக்கர் உசுரோட இருக்கா அத்தை?"ன்னு கேட்டா. "இருக்குது." "ஹீட்டர் ஓடுதா?" "ஓடுது." "மொதல்ல தீனி போடறத நிறுத்துங்க. இன்னிக்கு எதையும் தொடாதீங்க. நீங்க உக்காருங்க, மூச்சு வாங்குறீங்க." அப்பறந்தான் எடுத்துச் சொன்னா. புளிச்ச தண்ணில மீனோட கழிவுல இருக்கற நஞ்சு அடங்கிக் கெடக்குமாம். நல்ல தண்ணி ஒரேயடியா வந்து விழுந்ததும் அந்த நஞ்சு வீரியமாயிருமாம். அந்த நஞ்சத் தின்னு தொட்டியக் காப்பாத்தற கண்ணுக்குத் தெரியாத கிருமி பஞ்சுலதான் குடியிருக்குமாம். நான் அதையும் குழாயடியில வெச்சு, பிளீச்சிங் போட்ட தண்ணில புழிஞ்சுட்டேன். "நீங்க ஊத்துனது நல்ல தண்ணிதான் அத்தை. ஆனா ஒரேயடியா ஊத்திட்டீங்க"ன்னா. நான் பஸ் ஸ்டாப்புத் திண்டுல உக்காந்து அழுதேன். தேயிலை மூட்டை ஏத்திட்டுப் போன வண்டிக்காரரு நிறுத்தி, "ஏனுங்கம்மா, ஏதாச்சும் துக்கமுங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ஆமாங்கன்னேன். வேற என்ன சொல்றது.

அன்னையில இருந்து தெனம் பால் வாங்கப் போற சாக்குல பஸ் ஸ்டாப்புக்குப் போறேன். அவ சொல்லுவா, நான் செய்வேன். மொத நாளே வாளியில தண்ணி புடிச்சு மூடாம வெச்சுரணும், பிளீச்சிங் வாசம் போயிரும். மறுநா அதுல கொஞ்சம் சுடுதண்ணி கலந்து, கைய உட்டுப் பாத்தா தொட்டிச் சூடும் வாளிச் சூடும் ஒண்ணா இருக்கணும். அடியில இருந்து ஒரு வாளி எடுத்துட்டு, இத ஒரு சொம்பு ஒரு சொம்பா ஊத்தணும். பஞ்சு அழுக்கா இருந்தா எடுத்த தொட்டித் தண்ணிலயே லேசா அலசணும், வெளுக்க வெக்கக் கூடாது. கிளிஞ்சல் ஓடு ஒரு கைப்பிடி துணியில கட்டி பில்டருக்குள்ள போடச் சொன்னா, அது மெல்லக் கரைஞ்சு புளிப்பத் தாங்கிப் புடிக்குமாம். இதெல்லாம் ஒரு நாள்ல தெரியாது. ஒரு நாளைக்கு விட்டுட்டு மறுநா ரெண்டு மடங்கு பண்றேன்னாலும் ஆகாது. "ரொம்பப் பாசமா இருக்க வேண்டாம் அத்தை, தெனம் ஒரே மாதிரி இருந்தாப் போதும்"ன்னா ஒருநா. மீனுக்குத்தான் சொன்னாளோ என்னமோ, நான் எடுத்துக்கிட்டேன்.

உங்கம்மா, என் அக்கா, போயிச் சேந்தப்பறம் என்னைய இந்த ஊட்டுக்குக் கொண்டாந்து உங்கப்பாவுக்குக் கட்டி வெச்சாங்க. நீ அப்ப நடக்கக் கூட ஆரம்பிக்கல. அக்கா பாத்திரம், அக்கா சேலை, அக்கா எடம். நான் வெச்ச கொழம்ப வாயில வெச்சதும் உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, கையக் கழுவிருவாரு. ஒரு வருசம் அப்புடித்தான் போச்சு. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா, பேச ஆரம்பிச்சேன். அடுப்புகிட்டப் பேசுனேன், உன் கிட்டப் பேசுனேன், மாதா படத்துகிட்டப் பேசுனேன். இன்னிக்கு ஊரே என்னைய வாயாடிங்குது. கல்யாணத்துக்கு முன்னால நான் அப்புடி இருந்தவ இல்ல கண்ணு. எப்புடியோ பொழச்சேன். பொழச்சதனாலயே, நான் தாங்குனத அவ ஏன் தாங்கக் கூடாதுன்னு ஒரு எண்ணம் மனசுக்குள்ள இருந்துச்சு. அதுதான் பாவம். இத ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன். நான் பொழச்சது தண்ணி நல்லா இருந்ததனால இல்ல. பழகிட்டேன், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்த அவளுக்குக் குடுக்கறது சீதனமா?

உங்கப்பாகிட்டயும் பேசிட்டேன். காத்தால காப்பி குடுத்துட்டு, "ஏனுங்க, நாம ரெஜினாவக் கூட்டியாரப் போக வேண்டாமுங்க"ன்னேன். "ஏன், அவளே வந்துருவாளாக்கும்?"ன்னாரு. "வரணும்னா வரட்டும், வேண்டாம்னா வேற எடத்துல இருக்கட்டுமுங்க." "உனக்கென்ன மூளை கலங்கிப் போச்சா? ஊருக்கு என்ன பதில் சொல்லுவ?" "ஊரு என்னையக் கேட்டா நான் சொல்லிக்கறேனுங்க, எனக்குத்தான் வாய் இருக்குதுங்களே"ன்னேன். அவரு ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள், "அந்தச் சக்கரு திங்குதா?"ன்னு கேட்டாரு. "திங்குதுங்க"ன்னேன். அவ்வளவுதான் இதுவரைக்கும். அவர ஒரேயடியா மாத்தப் பாத்தா நமக்குள்ள அடங்கிக் கெடக்கறதெல்லாம் முழிச்சுக்கும். அத நான் பாத்துக்கறேன், அது என் வேல.

உன் வேல வேற. நீ நெனக்கலாம், சரி, நாமளே ஓடி வந்து கால்ல விழுந்து அழுது கூட்டியாந்துரலாம்னு. உனக்கும் என் ரத்தந்தான், அந்த வேகம் உனக்கும் உண்டு. அப்புடிப் பண்ணாத. நீ அழுதா அவ மனசு எளகி வந்துருவா, வந்து அதே ஜன்னல்ல நிப்பா. நானும் திண்டுக்கல் போக மாட்டேன். நான் போயி நின்னா அவங்கம்மா அப்பா முன்னால அவளால மாட்டேன்னு சொல்ல முடியாது. பெரியவங்க வந்துட்டாங்கன்னு பொட்டியக் கட்டிருவா. அது வர்றதில்ல சாமி, புடிச்சுக் கொண்டாரது. அவ இங்க வரலாம், இல்ல கோத்தகிரியில ஆஸ்பத்திரிகிட்ட ஒரு ஊடு எடுத்து வேலைக்குப் போகலாம், இல்ல நீ அங்க கூட்டிட்டுப் போகலாம், இல்ல அவளுக்கு எதுவுமே வேண்டாம்னு தோணியிருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது. நான் போன்ல அவகிட்ட மீனப் பத்தி மட்டுந்தான் பேசறேன், கேக்கல. கேக்கறதுக்கு நான் ஆளில்ல.

சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் அவ மொட்டை மாடியில துணி எடுக்கப் போவாளாம், அப்பறம் கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்திருப்பாளாம். பேச்சோட பேச்சாச் சொன்னா. அந்த நேரத்துக்கு யாரும் மேல வர மாட்டாங்க, டவரும் நல்லா எடுக்குது. நீ இனிமே நம்மூட்டுக்கு வாரத்துல ஒரு நாள் கூப்புட்டாப் போதும். மத்த நாளெல்லாம் அந்த நேரத்துக்கு அவளக் கூப்புடு. நீயும் ரூம்ல பசங்க இல்லாத எடமாப் பாத்து உக்காந்துக்க. எப்ப வர்றன்னு மட்டும் கேட்டுறாத. ஏன் போனன்னும் கேக்காத. மொத நாள் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, சாப்ட்டீங்களான்னுதான் கேப்பா. ரெண்டாவது நாளும் அப்புடித்தான் இருக்கும். கோவிச்சுக்காம மறுநாளும் கூப்புடு. ஒருநா அவளாப் பேச ஆரம்பிப்பா. அப்ப உங்கப்பாவப் பத்திச் சொல்லுவா, என்னையப் பத்தி நெறையாச் சொல்லுவா. உன்னைய வளத்தவளப் பத்தி ஒருத்தி அப்புடிப் பேசறதக் கேக்க உனக்குக் கஷ்டமா இருக்கும், உனக்கு நாக்கு துருதுருங்கும். சின்னம்மா அப்புடிப்பட்டவங்க இல்லன்னு மட்டும் சொல்லிறாத கண்ணு. நான் அப்புடித்தான் இருந்தேன். அவ சொல்றத நம்பு.

உன் சின்னம்மா